பட்டத்துக்கான தேவைகளை முதல் வருடத்திலேயே பார்க்க வேண்டுமா?

"முதல் வருடம் பிடித்த பாடங்களை எடுத்துப் பார்க்கிறேன், மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, என்னென்ன வேண்டும் என்பதை இரண்டாம் வருடத்தில் பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தள்ளிப்போடாதீர்கள். ஒரு பாடத்தில்கூடத் தோற்காமல், நான்கு வருடப் படிப்பை ஐந்து வருடம் படித்தவன் சொல்கிறேன்.

உங்கள் கையில் இப்போது நீளமான பாடப்பட்டியலும் பதிவுக்கான கடைசித் தேதியும் இருக்கும். "முதல் செமஸ்டரை லேசாக வை" என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். என் மேஜர் புள்ளியியல். கால்குலஸ் (நுண்கணிதம்) என்றால் எனக்குக் கொஞ்சம் பயம், அதனால் அதை இரண்டாவது செமஸ்டருக்குத் தள்ளிவிட்டு, நான்கு அறிமுகப் பாடங்கள் எடுத்தேன். மொத்தம் 12 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு). முழுநேர மாணவராக இருக்க அது போதும் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் பட்டத்துக்கு 120 வேண்டும். எட்டு செமஸ்டரும் 12 எடுத்தால் 96தான் வரும், 24 இடிக்கும். செமஸ்டருக்கு 15 எடுத்தால்தான் கணக்கு நேராகும். இந்தச் சின்னப் பெருக்கலை அன்று யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

சரி, கிரெடிட் குறைவைப் பின்னால் கூடுதல் பாடம் எடுத்துச் சரிக்கட்டிவிட்டேன். சரிக்கட்ட முடியாமல் போனது பாடங்களின் வரிசை.

நான்காவது செமஸ்டர் முடிந்து அடுத்ததற்குப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். நிகழ்தகவுக் கோட்பாடு என்ற கட்டாயப் பாடம் பட்டியலில் இல்லை. தேடிப் பார்த்தால், அது இரட்டைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்குமாம். பாட விவரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரியாக இருந்தது. பழைய தேர்வுத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தேன். கால்குலஸ் 1, அதை முடித்தால் கால்குலஸ் 2, பிறகு பன்மாறி கால்குலஸ், அதன் மேல் நிகழ்தகவு, அதன் மேல் புள்ளியியல் அனுமானம், அதை முடித்தவர்களுக்கு மட்டும் இறுதி ப்ராஜெக்ட். அனுமானம் ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும். ப்ராஜெக்ட் இரண்டு செமஸ்டர், அதுவும் ஒற்றைப்படையில்தான் தொடங்கும். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் எடுத்திருந்தால் நிகழ்தகவு நான்காவதில், அனுமானம் ஐந்தாவதில் முடிந்து, ஏழாவதில் ப்ராஜெக்ட் தொடங்கியிருக்கும். ஒரே ஒரு செமஸ்டர் தள்ளியதால் நிகழ்தகவு ஆறாவதுக்குப் போனது, அனுமானம் ஏழாவதுக்குப் போனது, ப்ராஜெக்ட் ஒன்பதாவதில் போய் நின்றது. அந்தக் கடைசி அம்புக்குறியைப் போட்டுவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியரைப் போய்ப் பார்த்து, அனுமானத்தையும் ப்ராஜெக்டையும் ஏழாவதில் சேர்த்து எடுக்க அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார். அன்று கோபம் வந்தது. அப்புறம் ப்ராஜெக்ட் செய்யும்போதுதான் புரிந்தது, அந்தப் பாடம் இல்லாமல் என்னால் முதல் மாதத்தைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. விதியில் தவறில்லை. முதல் செமஸ்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஆலோசகர் இந்த வரிசையை ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஆர்வத்தைக் கொன்றுவிட்டு அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த முதல் செமஸ்டரில் எடுத்த மொழியியல் பாடம் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து. கால்குலஸ் பக்கத்திலேயே அதற்கும் இடம் இருந்தது என்பதுதான் என் ஆதங்கம். "லேசாக வை" என்பதிலும் நியாயம் உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது அமெரிக்கக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 15 கிரெடிட் என்பது வாரம் 45 மணி நேரம். லேசாக வைப்பதென்றால் வரிசையில் இல்லாத பாடத்தைத் தள்ளுங்கள், வரிசையின் முதல் பாடத்தைத் தொடாதீர்கள். எல்லாப் பாடத்தையும் கல்லூரியே நிர்ணயிக்கும் படிப்பென்றால் இதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. எண்களும் இடத்துக்கு இடம் மாறும்: ஐரோப்பாவின் பொது கிரெடிட் முறையான ஈசிடிஎஸ்ஸில் ஒரு வருடத்துக்கு 60, இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 கட்டமைப்பில் நான்கு வருடத்துக்குக் குறைந்தது 160.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. நான் வேலைக்காகப் போன நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் "ஏன் ஐந்து வருடம்?" என்று கேட்டார்கள். பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். சொந்தக்காரர்கள் கேட்கக்கூட இல்லை, அரியர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டினாலும் வாங்கிப் பார்க்க ஆளில்லை. தாமதமாக முடித்தவர்களை எல்லாம் தோற்றவர்கள் என்று ஒரே மூட்டையில் கட்டுவது அநியாயம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சேர்ந்த வருடத்தின் கையேட்டைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துங்கள். நடுவில் விதிகள் மாறினாலும், பல இடங்களில் சேர்ந்த வருடத்து விதிதான் செல்லும். கடைசி வருடக் கட்டாயப் பாடத்தில் தொடங்கி, அதற்கு முன் எது, அதற்கும் முன் எது என்று பின்னோக்கி எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொன்றும் எந்த செமஸ்டரில் நடக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். விருப்பப் பாடத்தில் கிரெடிட் எவ்வளவு மிஞ்சினாலும் அது கட்டாயப் பாடத்தின் குறையை நிரப்பாது, அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். அந்தத் தாளோடு ஆலோசகர் முன் உட்காருங்கள். அவர் கையெழுத்துப் போடும் முன், "இதில் எது வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும்?" என்று கேளுங்கள்.