பூனைவணங்கி

அன்புள்ள சார்,

எங்கள் வீட்டில் நாலு மாதப் பூனைக்குட்டி இருக்கிறது. மளிகைப் பை வந்தால் உள்ளே ஒருமுறை புகுந்து வந்தால்தான் அதற்கு நிம்மதி. மேசையில் கண்ணாடி டம்ளர் இருந்தால் தட்டித் தட்டி ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடும். மகள் நூல்கண்டை உருட்டிவிட்டால் ஒரு மணி நேரம் விளையாடும், அவ்வளவு அழகு. ஆனால் 300 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய, பூனைகளைக் கிறங்க வைக்கும் கேட்னிப் என்ற செடி அடைத்த எலிப் பொம்மையை மோந்துவிட்டுப் போய்விட்டது. குட்டி கொஞ்சம் மந்தமோ?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

குட்டிக்கு ஒன்றுமில்லை. நாலு மாதத்தில் பல குட்டிகளுக்குக் கேட்னிப் ஏறாது, ஆறு மாதம் வரைகூட ஆகலாம். வளர்ந்த பிறகும் சில பூனைகளுக்கு ஏறவே ஏறாது, அது வம்சவழி. பைக்குள் புகுவதும் சேட்டை இல்லை. ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனைக்கண்ணுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். மூக்காலும் மீசையாலும் பார்க்கிற பிராணி உள்ளே போகாமல் எப்படிப் பார்க்கும்?

நூல்கண்டில் என்ன அழகைக் கண்டீர்கள்? பூனை நாக்கின் முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். குடலைச் சுருட்டிவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். எழுந்துபோய் அதைப் பீரோவில் வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

என்னை எழுத வைத்தது அந்த 300 ரூபாய். உங்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலேயே குப்பைமேனி முளைத்துக் கிடக்கும். அதற்கு இன்னொரு பெயர் பூனைவணங்கி. இரண்டு வாரமாக அந்தப் பெயர்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் அக்கலிபா இண்டிகா. காஞ்சொறி மாதிரி இருப்பது, இந்தியாவில் கிடைப்பது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. நம் பெயருக்குள் ஒரு பூனையே இருக்கிறது. யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். பெண்ணாகத்தான் இருக்கும். கொல்லையில் களை பிடுங்கியது அவள்தானே.

எனக்கு ஏழெட்டு வயதில் கையெல்லாம் சிரங்கு. பாட்டி குப்பைமேனியை வேரோடு பிடுங்கி அம்மியருகே போட்டுவிட்டு உப்பு எடுக்க உள்ளே போனாள். யாரையும் அண்டவிடாத கிழட்டுக் கடுவன் பூனை ஒன்று எங்கிருந்தோ வந்தது. இலையைத் தொடவில்லை. வேரில் தாடையைத் தேய்த்தது. எச்சில் ஒழுகியது. முன்னங்கால் மடங்கி நெற்றி மண்ணில் பட்டது, அப்படியே மல்லாந்து புரண்டது. பேய் பிடித்துவிட்டதென்று அலறினேன்.

“சும்மா கெடடா, அது சாமி கும்பிடுது” என்றாள் பாட்டி. இலையை மட்டும் உருவிக்கொண்டு வேரை அதன் பக்கமாகத் தள்ளிவிட்டாள். உப்பு வைத்து அரைத்துப் பூசியபோது நான் கத்திய கத்தலுக்கும் அது கண்ணைத் திறக்கவில்லை.

டம்ளர் விஷயம் எழுதியிருந்தீர்கள். எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள்.