குழுவில் பலர் பேசாமல் இருப்பது பற்றி

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்களுக்காக நீங்கள் நடத்தும் ஆற்றுப்படுத்தல் குழுவில் எட்டுப் பேரில் இருவர்தான் பேசுகிறார்கள், மற்றவர்கள் "எல்லாம் தலையெழுத்து" என்று முடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தச் சொல்லை மறுத்து வாதாட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955-ல் முன்வைத்த பார்வைப்படி, வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒவ்வொருவரும் தானே அமைத்துக்கொண்ட அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நல்லது–கெட்டது என்பதுபோல எதிரெதிராக இரண்டு முனைகள். தலையெழுத்துக்கு எதிர்முனை என்ன என்று கேளுங்கள்: "அப்படி இல்லாமல் நடந்தது எது?" ஒருவர் மகளைக் காலேஜுக்கு அனுப்பியதைச் சொல்லலாம், இன்னொருவர் சண்டை போட்டு வாங்கிய கூலியை. அந்தப் பதில்கள்தான் உங்களுக்கு வேண்டியவை.

அப்புறம், வட்டமாக உட்காரவைத்து உடனே பேசச் சொல்லாதீர்கள். லேண்ட்ஃபீல்டு, ரிவர்ஸ் என்ற உளவியலாளர்கள் 1975-ல் விளக்கிய ஜோடி மாற்றும் முறை உங்களுக்குப் பொருந்தும். இரண்டிரண்டு பேராக, ஒரே தலைப்பில் ஏழெட்டு நிமிடம் பேச்சு, பிறகு ஜோடி மாறும். "என்னை மற்றவர்கள் எதில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்" நல்ல தலைப்பு. கேட்பவர் குறை சொல்லக் கூடாது. நம் ஊரில் அறிவுரையையும் தடுத்தே ஆக வேண்டும். எல்லா ஜோடியும் முடிந்த பிறகே பொதுப் பேச்சு.

மாமியாரும் மருமகளும் இருந்தால் வெவ்வேறு குழுவில் வையுங்கள். யாராவது சாக வேண்டும் என்று சொன்னால் குழுவில் வைத்து ஆராயாமல், அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.