வினாத்தாளைப் பார்த்ததும் மூச்சு முட்டுகிறதே!

கேள்வி: இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நன்றாகப் படித்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால், வினாத்தாள் கைக்கு வந்ததும் நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, எல்லாம் மறந்துவிடுகிறது. தோழி சொன்னாள் என்று மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டேன். தலைசுற்றல்தான் மிச்சம். மூச்சுப் பயிற்சியால் பலன் உண்டா?

- வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. நீங்கள் செய்த முறைதான் சரியில்லை. பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்போம். இன்னும் பெரிது பெரிதாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றலும் விரல் மரப்பும் பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன. அதைப் பார்த்து மேலும் பயந்திருப்பீர்கள், பாவம்.

மூச்சை இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மூக்கு வழியாக, 4 எண்ணும்வரை சாதாரணமாக இழுங்கள். 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வயிறுதான் எழும்ப வேண்டும், தோள் அல்ல. சிரமமாக இருந்தால் 3-க்கு 4 என்று தொடங்கலாம். மூச்சை அடக்கவே வேண்டாம். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி போன்றவையும் இந்த நேரத்துக்கு ஆகாது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிமூச்சை நீட்டும் பயிற்சியைத் தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிட நன்றாக மேம்பட்டது. தினமும் என்பதுதான் முக்கியம். பரீட்சை ஹாலில் முதன்முதலாக முயன்றால் உடம்புக்குப் பிடிபடாது. இன்றே தொடங்குங்கள். வாரம் ஒருநாள் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு, கடிகாரம் வைத்து 3 மணி நேரம் எழுதிப் பாருங்கள்.

தேர்வன்று பதிவு எண்ணை எழுதி முடித்ததும், இப்படி 6 மூச்சு. ஒரு நிமிடம்தான் ஆகும். அப்புறம் வினாத்தாளில் நன்றாகத் தெரிந்த இரண்டு மார்க் கேள்வியில் ஆரம்பியுங்கள். நடுவில் மறுபடி படபடத்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் 3 மூச்சு.

ஆனால், தேர்வு இல்லாத நாட்களிலும் இதே படபடப்பு வந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ உடனே பாருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.