பழைய பிரெஞ்சு பீங்கான் சேகரிக்க ஆசை, அடில செவ்ர்ங்கற பழைய பிரெஞ்சு பீங்கான் ஃபேக்டரியோட முத்திரை இருந்தா நம்பி வாங்கலாமா?

முத்திரைய மட்டும் பாத்து வாங்காதீங்க, நான் அப்படித்தான் முதல் கப்புலயே ஏமாந்தேன். பாரிஸ்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமைனா செந்த்துவான் பழைய பொருள் சந்தைக்குப் போயிடுவேன். அங்க ஒரு நீலக் கப்பு, தங்கத்து மேல சொட்டுச் சொட்டா செவப்பும் பச்சையுமா எனாமல், அதாவது சூளைல சுட்டு ஒட்ட வெக்கிற கண்ணாடிச் சாயம், வெச்சு அப்படியே கல்லு பதிச்ச மாதிரி இருந்துச்சு. அடில ரெண்டு எல் எழுத்து பின்னி நடுவுல எச். அந்தக் காலத்துல செவ்ர்ல வருஷத்துக்கு ஒரு எழுத்து போடுவாங்க, எச்னா 1760. ராத்திரி தூக்கமே வரல எனக்கு.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தக் கல்லு பதிச்ச மாதிரி எனாமல் வேலையே செவ்ர்ல 1770கள் கடைசிலதான் வந்துச்சுன்னு. 1760 கப்புல அது எப்படி இருக்கும்?

இதுல இன்னொரு சிக்கல் என்னன்னா 1800ல ப்ரோன்யார்ங்கறவர் செவ்ர் பொறுப்புக்கு வந்ததும் ஸ்டாக்ல கிடந்த, இன்னும் எதுவும் வரையாத பழைய வெள்ளைச் சாமானையெல்லாம் வித்துட்டாரு, வெளில வாங்கினவங்க அதுல அவங்களே வரைஞ்சு நல்ல விலைக்குத் தள்ளினாங்க. அதனால பாத்திரம் அசலா இருக்கும், மேல இருக்கிற வேலை பிந்தினதா இருக்கும். பச்சைய நல்லா கவனிங்க, குரோமியத்தையே 1797லதான் கண்டுபிடிச்சாங்க, குரோம் பச்சை பூசிட்டு அதுக்கு முந்தின வருஷ எழுத்து இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க.

விரலால தடவிப் பாக்குறது ரொம்ப முக்கியம். கயோலின்ங்கற வெள்ளைக் களிமண்ணு இல்லாம செஞ்ச பழைய மென்பீங்கான்ல எனாமல் கிளேஸுக்குள்ள, அதாவது மேல இருக்கிற கண்ணாடிப் பூச்சுக்குள்ள, உருகி இறங்கிடும், வழுவழுன்னு ஒரே பரப்பா இருக்கும். 1768ல பிரான்ஸ்ல லிமோஜ்ங்கற ஊருக்குப் பக்கத்துல சேந்த்திரியேல கயோலின் கிடைச்சப்புறம் வந்த கெட்டிப் பீங்கான்ல எனாமல் மேலயே நிக்கும், வெளிச்சத்துல சாய்ச்சா திட்டு திட்டா தெரியும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் லிமோஜ் ஊர்ப் பீங்கான்தான் சொல்வேன், விலையும் கைக்கு எட்டும். பெரும்பாலும் ரெண்டு முத்திரை இருக்கும், கிளேஸுக்கு அடில பச்சைல இருக்கிறது செஞ்ச ஃபேக்டரி, மேல இருக்கிறது வரைஞ்ச பட்டறை. பச்சை முத்திரை மட்டும் இருந்தா வெள்ளையா வாங்கி வேற யாரோ வரைஞ்சதாவும் இருக்கலாம், அமெரிக்கால அப்படி வீட்டுல வரைஞ்சவங்க நிறைய. அதுலயும் ரொம்ப அழகான வேலை உண்டு, ஒதுக்கிடாதீங்க.

டிஷ்வாஷர்ல மட்டும் போட்டுடாதீங்க, தங்கம் போயிடும்.

அந்த நீலக் கப்ப நான் விக்கல. புதுசா எது வாங்கினாலும் பக்கத்துல வெச்சு ரெண்டையும் தடவிப் பாப்பேன்.