விர்ச்சுவல்பாக்ஸ் உபுண்டுவில் கோபைலட் விசை வேலை செய்யவில்லை, வலது கண்ட்ரோலும் இல்லை. என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வி இது: சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய புது மடிக்கணினி, விண்டோஸ் 11, உள்ளே விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் நிரல்) உபுண்டு 24.04. வலது கண்ட்ரோல் இருக்கவேண்டிய இடத்தில் கோபைலட் விசை (மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் விசை). ஹோஸ்ட் கீயும் (விசைப்பலகையை உபுண்டுவிடமிருந்து விண்டோஸுக்கு மீட்கும் விசை) போச்சு, கோபைலட் விசையைத் தமிழ்99 விசையமைப்புக்கு மாறப் பயன்படுத்தலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை.

இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். ஹோஸ்ட் கீயை முதலில் முடித்துவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாக எடுத்துக்கொள்வது வலது கண்ட்ரோலை. உங்களிடம் அது இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் மேலாளரில் ஃபைல், பிரெஃபரன்சஸ், இன்புட், விர்ச்சுவல் மெஷின் என்று போய் ஹோஸ்ட் கீ இருக்கும் வரியில் வலது ஆல்ட்டை அழுத்துங்கள். இங்கே விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் அமெரிக்க விசையமைப்பில் வருவதால் வலது ஆல்ட்டை இழப்பதில் நட்டமில்லை. ஐரோப்பிய அமைப்பு வைத்திருப்பவர் இதைச் செய்தால் சிறப்பு எழுத்துகள் போய்விடும். அதே பக்கத்தில் விசைப்பலகையைத் தானாகப் பிடிக்கும் தேர்வும் 'டிக்' ஆகியிருக்க வேண்டும்.

இனி கோபைலட் விசை. பார்க்க ஒற்றை விசைதான். ஆனால் அது அனுப்புவது இடது விண்டோஸ், இடது ஷிஃப்ட், எஃப்23 மூன்றையும் சேர்த்து. இதில் எஃப்23-தான் தகராறு. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) 6.14-க்கு முந்தைய பல பதிப்புகளில் பிஎஸ்/2 (பழைய வகை இணைப்பு) விசைப்பலகை டிரைவருக்கு அந்தக் குறியீடு தெரியாது. 24.04 முதலில் வந்தது கெர்னல் 6.8-உடன். முதலில் உபுண்டு டெர்மினலில் 'யூநேம் -ஆர்' கொடுத்து உங்களுடையது எது என்று பாருங்கள்.

அடுத்து, அதே டெர்மினலில் 'சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ' ஓடவிட்டு விசையை அழுத்துங்கள். விண்டோஸ் பக்கம் கோபைலட் திறந்தால் விசை உள்ளேயே வரவில்லை என்று பொருள். உபுண்டுவில் என்ன மாற்றினாலும் பயன் இருக்காது, விசைப்பலகையைத் தானாகப் பிடிக்கும் தேர்வைத் திரும்பப் பாருங்கள். 'அறியாத விசை' என்ற ஆங்கில எச்சரிக்கையும் ஒரு குறியீடும் வந்தால் பாதி வேலை முடிந்தது. குறியீடு வழக்கமாக 6இ (ஆறும் ஆங்கில ஈயும்). உங்களுக்கு வேறு வந்தால் அதையே பயன்படுத்துங்கள். எதுவுமே வரவில்லையா? உங்கள் கெர்னலுக்கு அந்தக் குறியீடு ஏற்கெனவே தெரிந்தால் எச்சரிக்கை வராது; 6இ-யையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மெய்நிகர் கணினியின் விசைப்பலகை யூஎஸ்பி என்று அமைந்திருக்கிறதா பாருங்கள். இந்த வழி பிஎஸ்/2-க்கு மட்டும்தான்.

சோதனைக்கு: 'சூடோ செட்கீகோட்ஸ் 6இ 148'. முதல் எண் பதினாறடிமானம், இரண்டாவது சாதாரணப் பத்தடிமானம். இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். எஃப்23-இன் உண்மையான எண் 193. அதைக் கொடுக்காமல் 148 கொடுக்கக் காரணம் உண்டு: 24.04-இன் விசை வரைபடம் 193-ஐ 'டச்பேடை அணை' என்று புரிந்துகொள்கிறது. 148 முதலாம் 'லாஞ்ச்' விசை, யாருக்கும் தொந்தரவில்லை.

செட்கீகோட்ஸ் மறுதொடக்கம் வரைதான் நிற்கும். நிலையாக்க, இடிசி அடைவில் யூடெவ், அதற்குள் 'எச்டபிள்யூடிபி.டி' அடைவில் 90 என்று தொடங்கும் ஒரு கோப்பை உருவாக்குங்கள். கோப்புப் பெயர் '.எச்டபிள்யூடிபி' என்று முடிய வேண்டும். முதல் வரி 'இவிடெவ்:ஏடிகேபிடி:டிஎம்ஐ:*', எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். இரண்டாம் வரி 'கீபோர்டு_கீ_6இ=ப்ராக்1'; இதில் கீபோர்டு_கீ மட்டும் பெரிய எழுத்து. இரண்டாம் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம். அது விடுபட்டால் வரி ஏற்கப்படாது, "செய்தேன், வேலை செய்யலையே" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிறகு 'சூடோ சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்', 'சூடோ யூடெவ்ஏடிஎம் ட்ரிகர்'.

கடைசியாக உபுண்டு அமைப்புகளில் விசைப்பலகைக் குறுக்குவழிகளைத் திறந்து, உள்ளீட்டு மொழி மாற்றும் வரியில் கோபைலட் விசையை அழுத்துங்கள். சூப்பர் (விண்டோஸ் விசைக்கு லினக்ஸில் உள்ள பெயர்), ஷிஃப்ட் இரண்டும் கூடவே பதிவாகும். அது சரிதான், நீக்க முயல வேண்டாம்.

விண்டோஸில் விசைகளை மாற்றியமைக்கும் பவர்டாய்ஸ் நிரலில் மாற்றினால் போதாதா என்று யாராவது சொல்வார்கள். விண்டோஸில் விசை அழுத்தங்களை இடைமறிக்கக் கடைசியாகக் கொக்கி (ஹூக்) போட்ட நிரலுக்குத்தான் விசை முதலில் போகும். விர்ச்சுவல்பாக்ஸ் முந்திக்கொண்டால் பவர்டாய்ஸின் மாற்றம் உபுண்டுவை எட்டாது.