போட்ஸ்வானா காட்டில் தனியாக முகாம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: ஜூலையில் தனியாக போட்ஸ்வானா போகிறேன். மவுன் நகரில் ஜீப் எடுத்து மொரேமி, சவுட்டி வனவிலங்குப் பகுதிகள் வழியாகக் கசானே நகர் வரை ஓட்டிப்போக திட்டம். ராத்தங்கல் எல்லாம் முகாமில்தான். ஆன்லைனில் 38 ஆயிரம் ரூபாய் கூடாரம், சாட்டிலைட் மெசெஞ்சர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி), ராணுவ டிசைன் உடை எல்லாம் கார்ட்டில் கிடக்கிறது. அங்கே முகாமுக்கு வேலியே கிடையாதாமே? யானை, சிங்கம் வந்தால் இந்தக் கூடாரம் தாங்குமா? (கோவை வாசகர்)

பதில்: முதலில் கார்ட்டைக் காலி செய்யுங்கள். யானை மிதித்தால் 3 ஆயிரம் ரூபாய்க் கூடாரமும் 38 ஆயிரம் ரூபாய்க் கூடாரமும் ஒன்றுதான். ஆனால் ஜிப் முழுக்க மூடியிருக்கும் கூடாரத்தை மிருகங்கள் பொதுவாக ஒரு பாறை மாதிரி சுற்றிக்கொண்டு போய்விடும். காற்றுக்காகத் திறந்து வைத்துத் தூங்கியவர்களிடம்தான் கழுதைப்புலி வாலாட்டியிருக்கிறது. வேலி இல்லை என்பது நிஜம். மொரேமியின் தேர்ட் பிரிட்ஜ் முகாமில் பகலில் பபூன் குரங்குத் தொல்லை, இரவில் அந்த மரப்பாலத்தில் சிங்கமே நடந்து போகும். சவுட்டியில் யானைகள் தண்ணீருக்காகக் குளியலறையை இடிக்காமல் இருக்கச் சுற்றி மதில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, தனியாகக் கூடாரம் வாங்கவே தேவைப்படாது. மவுனில் வாடகைக்குக் கிடைக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் கூரைக் கூடாரம் (வண்டியின் கூரைமேல் விரிப்பது), மெத்தை, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், நாற்காலி வரை சேர்த்தே கேட்டு வாங்கலாம். தனி ஆளுக்குக் கூரைக் கூடாரத்தில் ஒரு எரிச்சல் உண்டு. காலையில் வண்டியை எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் மடிக்க வேண்டும். நடுராத்திரியில் சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்கவும் கூடாது, இருட்டில் கீழே என்ன நிற்கிறதென்று தெரியாது. ஒரு பாட்டிலை மேலே வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கியே ஆக வேண்டியது நல்ல ஸ்லீப்பிங் பேக். ஜூலை இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில இரவு பூஜ்ஜியத்தை நெருங்கும். பையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'எக்ஸ்ட்ரீம்' எண்ணைப் பார்க்காதீர்கள். அது உயிர் பிழைக்கிற அளவு, தூங்குகிற அளவு இல்லை. 'கம்ஃபர்ட்' எண் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதோடு ஒரு ஹெட் டார்ச்.

ராணுவ டிசைன் உடை வேண்டவே வேண்டாம். பக்கத்து ஜிம்பாப்வேயிலும் ஜாம்பியாவிலும் பொதுமக்கள் அதைப் போடுவது குற்றம். போட்ஸ்வானாவிலும் வம்பு எதற்கு?

சாட்டிலைட் மெசெஞ்சர் விஷயம் இன்னும் சிக்கல். பூங்காக்களுக்குள் பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது, அதனால் தனியாகப் போகிறவருக்கு இந்தக் கருவி அவசியம்தான். ஆனால் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் இதை வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையத்தில் இந்தக் கருவியோடு மாட்டிக் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வண்டி தருகிறவரிடமே வாடகைக்குக் கேளுங்கள், திரும்பும்போது அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வண்டி ஒப்பந்தத்தில் 'முழு இன்சூரன்ஸ்' என்று இருக்கிறது. போதாதா? (அதே வாசகர்)

பதில்: கூடாரத்துக்கு எடுத்து வைத்த பணத்தை இங்கே போடுங்கள். 'முழு' என்ற சொல்லை நம்பாமல் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தண்ணீரில் இறங்கியதால் வரும் சேதம் இவையெல்லாம் பெரும்பாலும் வெளியே நிற்கும். வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்து, அதாவது நீங்களே மணலில் கவிழ்ப்பது, சில ஒப்பந்தங்களில் சேராது. யானை முட்டினால் யார் செலவு என்பதை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். 'எக்ஸஸ்' தொகையை, அதாவது சேதமானால் நீங்கள் கையிலிருந்து தர வேண்டிய பங்கை, கிரெடிட் கார்டில் முடக்கி வைப்பார்கள், அதற்கு லிமிட் இருக்கிறதா பாருங்கள். மருத்துவ விமானத்தில் தூக்கிப்போகும் செலவையும் தரும் பயணக் காப்பீடு தனியாக எடுங்கள். மவுனை ஒட்டிய ஒகவாங்கோ டெல்டா பக்கம் மலேரியா உண்டு, டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள்.

வண்டியை எடுக்கும்போது வீடியோ எடுங்கள். ஜாக்கி, மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர், இரண்டு ஸ்டெப்னி எல்லாம் இருக்கிறதா, கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். சவுட்டி மணலில் டயர் காற்றைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். சிக்கினால் தள்ள ஆள் இல்லை. மவுனுக்கும் கசானேக்கும் இடையில் பெட்ரோல் பங்க்கை நம்ப வேண்டாம், எரிபொருள் கேன் கேளுங்கள்.

கேள்வி: சாப்பாடு எதை வாங்கிப் போவது? ஆரஞ்சு கொண்டு போகக் கூடாதா? (சென்னை வாசகி)

பதில்: கூடாது. ஆரஞ்சு வாசனைக்கு யானை வண்டியையே உடைக்கக்கூடும். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவில் பழம் கொண்டு போகவே தடை. எந்த உணவையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், எல்லாம் வண்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். மவுன் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, டின் மீன் கிடைக்கும். கால்நடை நோய்த் தடுப்பு வேலிகளின் சோதனைச் சாவடியில் பச்சை இறைச்சியைப் பிடுங்கிவிடலாம் என்பதால் அதை நிறைய வாங்கி அடுக்க வேண்டாம்.

கோவைக்காரருக்குக் கடைசியாக ஒன்று: முகாம் இடங்களை வெவ்வேறு தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன, முன்பதிவுச் சீட்டு இல்லாவிட்டால் கேட்டிலேயே திருப்பி அனுப்பலாம். முகாம் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. ஜூலையில் கூட்டம் அதிகம். முதலில் முகாம், அப்புறம் வண்டி, அதற்குப் பிறகு விமான டிக்கெட் என்று வாங்குங்கள்.