ஃப்ரோனேசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு பைபிளில் என்ன பொருள்? அதுவும் ஞானத்தைக் குறிக்கும் சோஃபியா என்ற சொல்லும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆனால் அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது ஒரு பாம்பின் வழியாக.

"சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய் இருங்கள்" (மத்தேயு 10:16). ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். பாம்பு யாரிடம் என்ன கேள்வி கேட்கும் என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். வினா என்றால் விவேகம் என்றும் பழைய பொருள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. கிரேக்கத்தில் அங்கே இருப்பது ஃப்ரோனிமோஸ், அதாவது ஃப்ரோனேசிஸ் உடையவர்.

ஃப்ரோனேசிஸ் என்ற பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது: லூக்கா 1:17, எபேசியர் 1:8. ஃப்ரோனிமோஸ் 14 முறை வருகிறது. எனவே பொருளைத் தேட வேண்டிய இடம் இந்த உரிச்சொல்தான்.

சோஃபியா மாறாத உண்மைகளை அறிவது. ஃப்ரோனேசிஸ் இந்தச் சூழலில் எதைச் செய்வது என்று தெரிவது. இப்படிப் பிரித்தவர் அரிஸ்டாட்டில். இளைஞன் கணக்கில் புலியாகலாம், ஃப்ரோனேசிஸுக்கோ அனுபவம் வேண்டும் என்பார். நல்லவனாக இல்லாதவனுக்கு அது வாய்க்காது என்பதும் அவர் கட்சி.

இங்கேதான் இயேசு சொன்ன கதை இடிக்கிறது. லூக்கா 16-இல் வேலை பறிபோகப் போகும் ஓர் உக்கிராணக்காரன் (எஜமானின் சொத்தைக் கவனிக்கும் ஊழியன்), எஜமானுக்குக் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும் நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் சீட்டில் மாற்றி எழுதச் சொல்கிறான். நாளைக்கு அவர்கள் வீட்டில் இடம் கிடைக்குமே! பச்சை மோசடி. வசனமே அவனை "அநீதியுள்ள" என்றுதான் சொல்கிறது. ஆனாலும் அவன் "புத்தியாய்ச் செய்தான்" என்று எஜமான் மெச்சுகிறான். அந்தப் 'புத்தியாய்' என்பது ஃப்ரோனிமோஸிலிருந்து வந்த வினையடை. மெச்சியது திருட்டை அல்ல என்பது என் வாசிப்பு. தலைக்குமேல் வெள்ளம் வருவதைப் பார்த்தான், உடனே கையை அசைத்தான், அவ்வளவுதான்.

பத்துக் கன்னிகைகள் கதையும் (மத்தேயு 25) அப்படியே. விளக்குகளோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துப் பேரில், எண்ணெய் தீர்ந்த மற்றவர்களுக்குப் பங்கிட மறுத்த ஐந்து பேர் எப்படி நல்லவர்கள் என்று பலரும் கேட்பார்கள். கதை அவர்களை நல்லவர்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை, ஃப்ரோனிமோஸ் என்கிறது. மணவாளன் தாமதிக்கலாம் என்று கணக்கிட்டு பாத்திரத்தில் எண்ணெய் எடுத்து வந்தவர்கள். பாறைமேல் வீடு கட்டியவனுக்கும் இதே சொல்தான்.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் நெருடல் ஆதியிலேயே தொடங்குகிறது. பழைய ஏற்பாட்டின் பழங்கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்த்தில், ஆதியாகமம் 3:1 ஏவாளை ஏமாற்றிய பாம்பை எல்லா விலங்குகளிலும் மிக ஃப்ரோனிமோஸ் என்கிறது. தமிழில் அது "தந்திரமுள்ளதாயிருந்தது". அதே பாம்பையும் அதே சொல்லையும் எடுத்து இயேசு சீஷர்களிடம் கொடுக்கிறார். புறா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஏன் என்று அப்போது புரியும்.

சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் கையில் இது பெரும்பாலும் குத்தல். "நீங்கள் கிறிஸ்துவில் புத்திசாலிகள்" என்று கொரிந்தியருக்கு எழுதுவது பாராட்டு அல்ல.

தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? திருவிவிலியம் என்ற தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு போட்டிருக்கும் 'முன்மதி' எனக்குப் பிடிக்கும், கன்னிகைகளுக்குக் கச்சிதம். உக்கிராணக்காரனுக்கு நானாக இருந்தால் 'சமயோசிதம்' என்பேன். ஆனால் நீதிமொழிகள் 3:19-இல் கர்த்தர் வானங்களை ஸ்தாபித்ததும் செப்டுவஜிந்த்தின்படி ஃப்ரோனேசிஸால்தான். அங்கே போய் சமயோசிதம் என்று எழுத எனக்குக் கை வராது.